இரண்டாவது சொட்டு

மார்ச் 4
பால், சோப்பு, கண் மருந்து. கணக்கு எழுதி முடித்தேன். வீட்டுக்காரருடைய வலது கண்ணில் வெள்ளை இன்னும் கொஞ்சம் பரவியிருக்கிறது. லாரியில் தார்ப்பாய் கட்டும்போது கயிற்று நுனி அடித்த இடம். கீறல்தானே, ஆறிவிடும் என்று விட்டோம்; பூஞ்சை பிடித்துக்கொண்டது. மணிக்கொரு தரம் சொட்டு விடுகிறேன். பலன் இல்லை. எனக்கு எதுவும் தோன்றவில்லை.

மார்ச் 7
டாக்டரம்மா நேராகவே சொல்லிவிட்டார். இந்த மருந்துக்குப் பூஞ்சை மசியவில்லை. இப்படியே போனால் கண்ணையே எடுக்க வேண்டிவரும். ஆய்வில் இருக்கும் புதுச் சொட்டு ஒன்று உண்டாம்.

"இது பூஞ்சையைக் கொல்லாதும்மா. பழைய மருந்து உள்ள போனதும் பூஞ்சை அதை வெளிய தள்ளிடுது. தள்ள விடாம இது பிடிச்சுக்கும். கொல்ல வேண்டியது பழசுதான். முதல்ல இது, கொஞ்சம் பொறுத்து அது."

பள்ளிக்கூடத்தை அதிகம் பார்க்காதவள் நான். ஆனாலும் புரிந்தது. வீட்டுக்காரர் சம்மதக் கையெழுத்துப் போட்டார். கண்ணை எடுப்பது என்ற சொல்லுக்குப் பிறகு எதுவும் அவர் காதில் ஏறவில்லை.

மார்ச் 8
பழைய குப்பியை எடுத்ததும் கையைத் தட்டிவிட்டார்.

"அது தோத்துப்போன மருந்துடி. அதை ஏன் மறுபடி ஊத்துற?"

"ரெண்டும் சேர்ந்தாதான்னு டாக்டரம்மா..."

"விக்காம கிடக்கிற சரக்கைத் தள்ளிவிடுறாங்க. எனக்குத் தெரியாத வியாபாரமா? புதுசு மட்டும் விடு. இல்லைன்னா அதுவும் வேணாம்."

"அண்ணி, கண்ணு மூடியிருந்தாலும் இவரு வாய் நிக்காம ஓடுது பாருங்க" என்றான் பார்க்க வந்திருந்த கொழுந்தன். யாரும் சிரிக்கவில்லை. அவனும்தான்.

மார்ச் 9
பொய் சொன்னேன். புதியதையே இரண்டு தடவை விடச் சொன்னார்கள் என்று. சொட்டு விடும்போது எரிச்சலில் இடது கண்ணையும் மூடிக்கொள்வார்; மூடிய கண்ணுக்கு எந்தக் குப்பி என்று தெரியவா போகிறது. முதல் சொட்டு புதியது. பொறுத்து, பழையது.

"இதுவும் அதுதானே?"

"அதேதாங்க."

குரல் பிசகவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

பிரார்த்தனைக்கு உட்கார்ந்தேன். கண்ணைக் கேட்பதா, மன்னிப்பைக் கேட்பதா? ரெண்டையும் ஒரே மூச்சுல கேக்க எனக்கு வாய் வரல.

மார்ச் 10
சொட்டு. சொட்டு. துணி துவைத்தேன்.

மார்ச் 13
வெள்ளை அப்படியே நிற்கிறது. பரவவில்லை. இதை நல்லது என்று எழுதலாமா?

மார்ச் 16
டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். "ஓரம் சுருங்குதும்மா. மருந்து பிடிக்குது. ரெண்டையும் நேரம் தவறாம விடுறீங்கல்ல?"

வீட்டுக்காரர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். பஸ்ஸில் அவர் டிக்கெட் மட்டும் எடுத்தார். திட்டித் தொலைச்சிருந்தா தேவலை.

மார்ச் 17
காலையில் கேட்டே விட்டேன். "கோபமாங்க?"

"முதல் நாளே தெரியும்டி. பழசு விட்டா தொண்டையில கசப்பு இறங்கும். இத்தனை நாளா முழுங்கின கசப்பு, எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் சும்மா இருந்தீங்க?"

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "வேணாம்னு கத்தினது நான். அப்புறம் வேணும்னு எந்த வாயால கேக்குறது?"

ஏப்ரல் 2
கண்ணை எடுக்க வேண்டாமாம். வடு நிற்கும். லாரி ஓட்ட முடியாது. மருந்து இன்னும் சில வாரம்.

வீட்டுக்கு வந்ததும் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"புகை மாதிரி தெரியுற. கையில என்ன, குப்பியா?"

"ஆமாங்க."

"எது?"

"பழசு."

"சரி, விடு" என்று முகத்தை நிமிர்த்தினார்.