சும்மா உட்கார ஒரு மண்டலம்

ஜனவரி 6, திங்கள்

ஆஸ்பத்திரி வரிசையில் காலை எட்டு மணிக்கு நின்றவள், பதினோரு மணிக்குத்தான் டாக்டரைப் பார்த்தேன். சின்னப் பெண். என் வலது மணிக்கட்டில் விரலால் தட்டினாள். கட்டை விரலிலும் அடுத்த இரண்டு விரலிலும் சுருக்கென்றது. பதினாறு வருஷமாகத் தோல் பை தைக்கிற கை. உள்ளே நரம்பு நசுங்குகிறதாம். இரண்டு மாதம் பார்க்கலாம், சரியாகவில்லை என்றால் ஆபரேஷன் என்றாள். அதற்குப் பிறகு தையலில் பழைய வேகம் வருமா என்று கேட்டேன். சீட்டில் எழுத ஆரம்பித்துவிட்டாள்.

மூன்று காரியம் சொன்னாள். தூங்கும்போது மணிக்கட்டு மடங்காமல் பட்டை கட்ட வேண்டும். வேலையில் மணிக்கொரு தரம் கையை உதறித் தளர்த்த வேண்டும். மூன்றாவதுதான் வேடிக்கை. "ரோஜ் ஆதா கண்டா குச் நஹி கர்னே கா." தினமும் அரை மணி நேரம் எதுவுமே செய்யக் கூடாதாம். எதுவும் என்றால்? கீரை ஆய்வது, துணி மடிப்பது, போனைப் பிடிப்பது, எதுவும். கொஞ்சம் நட, அப்புறம் உட்கார், அவ்வளவுதான் என்றாள்.

இந்தப் பெண் தாராவியில் ஒரு நாள்கூடக் குடியிருந்திருக்க மாட்டாள்.

ஜனவரி 7, செவ்வாய்

சாயங்காலம் ஆறு மணிக்கு வாசற்படியில் எதுவும் செய்யாமல் உட்கார்ந்து பார்த்தேன். எங்களுக்கு இருப்பது ஒரே அறை, மேலே ஒரு பரண். அத்தை சுக்குத் தண்ணி கேட்டார். மாரீஸ்வரி பரணிலிருந்து எட்டிப் பார்த்து, "மம்மி, சார்ஜர் கிதர் ஹை?" என்று சார்ஜரைத் தேடினாள். வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "சும்மாதான இருக்க, அந்தச் சட்டைக்கு ஒரு பட்டன் வச்சிரு" என்றார்.

மொத்தம் ஏழு நிமிடம். பட்டன் வைத்தேன். கோபத்தில் அழுத்தித் தைத்ததில் விரல் மரத்துப் போனது. சும்மா இருக்கிற பொம்பளையைக் கண்டால் இந்த வீட்டுக்கு ஏன்தான் ஆகாதோ?

ஜனவரி 8, புதன்

பட்டறையில் நூர் நிஷாவிடம் சொன்னேன். பக்கத்து மிஷினில் ஒன்பது வருஷமாக உட்காருகிறவள். என்னோடு மருந்துக் கடைக்கு வந்து, அங்கே விற்கிற பட்டையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இதை நாம தைக்க மாட்டோமா?" என்றாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் தைத்தோம். கழிவு ரெக்சின், பைக்குள் வைக்கிற ஸ்பாஞ்சு, நடுவில் மாரீஸ்வரியின் பழைய ஸ்கேல். ஓரத்துக்குச் சிவப்புப் பைப்பிங்கூடக் கொடுத்தாள் நூர். கடைப் பட்டையைவிட இது எடுப்பாக இருக்கிறது. முதலாளி ஜெயினுலாப்தீன் பாய் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஆர்டர் புடிக்கலாம் போலிருக்கே" என்றார்.

ஜனவரி 9, வியாழன்

இன்று ஒரு பொய் சொன்னேன். இந்த வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் இங்கே தைரியமாக எழுதலாம்.

ஆறு மணிக்குச் செருப்பைப் போட்டேன். "எங்க போற?" என்றார் அத்தை. வாயில் வந்தது, "கோயிலுக்கு." அவ்வளவுதான், ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. சுக்குத் தண்ணியை அவரே வைத்துக்கொண்டார்.

பாலம் ஏறி இறங்கினால் மாட்டுங்கா. கோயில் வாசல் வரைக்கும் போனேன். உள்ளே போனால் வரிசை, தெரிந்த முகம், குசலம் என்று அரை மணி போய்விடும். இரண்டு தெரு தள்ளி ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். கையை மடியில் மல்லாக்க வைத்துக்கொண்டேன். முதல் பத்து நிமிடம் திருடி மாதிரி இருந்தது. அப்புறம் நன்றாக இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது.

ஜனவரி 10, வெள்ளி

அத்தை கேட்டார்: "வேண்டுதலா? எத்தனை நாளு?"

பிள்ளை பரீட்சைக்கு என்று அவராகவே முடிவு கட்டிக்கொண்டார் போலிருக்கிறது. டாக்டர் சொன்னது இரண்டு மாதம். அதற்குப் பக்கமாக என்ன எண் உண்டோ அதைச் சொன்னேன். "ஒரு மண்டலம், அத்தை."

நாற்பத்தெட்டு நாள் யாராலும் என்னை நிறுத்த முடியாது. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு

என் புத்தியில் இடி விழ. மண்டலம் என்றால் விரதம். விரதம் என்றால் மீன் கிடையாது. சயான் மார்க்கெட்டிலிருந்து வீட்டுக்காரர் ஐலா மீன் வாங்கி வந்திருந்தார். அத்தை குழம்பு வைத்து, எனக்குத் தனியாக ரசமும் அப்பளமும் பரிமாறினார், அதுவும் பயபக்தியோடு. இன்னும் ஆறு ஞாயிறு பாக்கி.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் அமளியில் நாலு நாளாக எழுதவில்லை. பொங்கலன்றும் போய் உட்கார்ந்தேன். வந்ததும் வெந்நீரில் கல்லுப்பைப் போட்டுக் கையை முக்கி வைக்கிறேன். அதை யாரும் கேட்பதில்லை. கோயிலுக்குப் போய் வந்தவள் எது செய்தாலும் அது வேண்டுதலில் சேர்த்தி.

பட்டறையில் நான் கை உதறினால் நூரும் உதறுகிறாள். இன்று ஐந்து பேரும் உதறினோம். பாய், "கோழி விரட்டுறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஜனவரி 24, வெள்ளி

எதிர்வீட்டு அபயாம்பாள் அக்கா என்னை நிறுத்தி, கையில் ஒரு சின்னக் குப்பி நெய்யைத் திணித்தார். "மான்குர்த்ல எம் மவளுக்கு மாசி பாதியில பேறுகாலம். நீதான் தெனமும் போறியே, எம் பேருக்கு வெள்ளிக்கிழமை ஒரு வெளக்கு போட்டுட்டு வா."

அத்தை பார்த்துக்கொண்டே நின்றார். நான் என்ன சொல்ல? வாங்கிக்கொண்டேன். பெஞ்சில் குப்பி பக்கத்தில் இருந்தது. அரை மணியும் அதையேதான் பார்த்தேன். திரும்பும்போது கோயிலுக்குள் போயிருக்கலாம். ஏன் போகவில்லை? ஒரு நாள் உள்ளே போனால் அப்புறம் தினமும் அதுவே வேலையாகிவிடும் என்று பயம். குப்பியைக் கொண்டு வந்து துணி மூட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 28, செவ்வாய்

நேற்றிலிருந்து வீட்டுக்குத் தூரம். "அஞ்சு நாளு போவாத. அது கணக்குலயும் சேராது" என்றார் அத்தை. கோயிலுக்குள் போகாத நான், கோயிலுக்குப் போகக் கூடாத நாள் என்று சாயங்காலம் வீட்டில் கிடக்கிறேன். இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது? நூரிடம் சொன்னேன். அவள் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

கை மறுபடி மரக்கிறது. பேனா இரண்டு தரம் நழுவிவிட்டது.

பிப்ரவரி 7, வெள்ளி

இரண்டாவது குப்பி.

பிப்ரவரி 14, வெள்ளி

மூன்றாவது. அக்கா கொடுக்கும்போது என் முகத்தையே பார்த்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

ஆனால் கை? உள்ளதைச் சொன்னால், தேவலை. காலையில் டீ கிளாஸ் பிடிக்கும்போது அந்த மரப்பு இல்லை. பெஞ்சில் பக்கத்தில் தினமும் ஒரு பார்சிப் பாட்டி வந்து உட்காருகிறாள். நாங்கள் பேசுவதில்லை. இன்று எனக்காக நகர்ந்து இடம் விட்டாள்.

பிப்ரவரி 21, வெள்ளி

சாயங்காலம் நாலு மணிக்குப் பட்டறைக்கே ஓடி வந்தார் அபயாம்பாள் அக்கா. மகளுக்கு ஒரு வாரம் முன்னாலேயே வலி வந்து, தண்ணீர் குறைந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். மான்குர்த்துக்கு ஆட்டோ ஏறும்போது, "நீ போட்ட வெளக்கு காப்பாத்தும்" என்றார்.

பாயிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடி, மூட்டைக்குப் பின்னாலிருந்து மூன்று குப்பியையும் எடுத்துக்கொண்டு மாட்டுங்காவுக்கு ஓடினேன். பாலத்தில் மூச்சு வாங்கியது. ஒன்றாக மூன்று விளக்கு ஏற்றினேன். என்னைத் தண்டிப்பதென்றால் என்னைத் தண்டி, அந்தப் பிள்ளைக்கு இதில் சம்பந்தமில்லை என்று நின்றேன். எந்தப் பொய்யையும் இப்படிச் சொல்லக் கூடாதுடி கோகிலவாணி. எதை வேண்டுமானாலும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளலாம், ஒருத்தியின் பயத்தை எடுத்துக்கொள்ளலாமா?

அங்கேயே காத்திருந்தேன், ஆறரைக்கு அக்காவின் போன் வந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நலம். கோயில் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

அக்கா மான்குர்த்திலிருந்து துணி எடுக்க வந்தார். கூடவே அவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கை, டாக்டர், பெஞ்சு, மூன்று குப்பி. அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

அக்கா துணி மடிப்பதை நிறுத்தவே இல்லை. "மொத நாளே தெரியும்டி" என்றார்.

"எப்படிக்கா?"

"கோயிலுக்குப் போயிட்டு வாரவ நெத்தியில திருநீறு இல்லாம வருவாளா?"

வெட்கம் பிடுங்கித் தின்றது. இத்தனை யோசித்தவள் இதை யோசிக்கவில்லையே.

"தெரிஞ்சும் எதுக்கு நெய்யைக் குடுத்தீய?"

"ஒங்கத்தை எங்கிட்ட வந்து, இவ தெனமும் போவணுமா, வாரம் ஒருக்கா போனா போதாதான்னு கேட்டா. எம் மவளுக்கும் சேத்துதான் அவ வேண்டுதா, நிறுத்திராதியன்னுட்டேன். சும்மா வாயில சொன்னா நம்புவாளா? அதான் அவ கண்ணு முன்னால ஒரு குப்பி."

அக்கா பையின் ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னார்: "நீ திரும்பி வாரப்ப மொகம் தெளிவா இருக்கும்டி. அதைப் பாக்கவே நான் வாசல்ல நிப்பேன்."

"பிள்ளைக்கு ஏதாவது ஆயிருந்தா?"

"எம் பிள்ளைக்கு நான் வெளக்கு போடாமலா இருப்பேன்? சயான் கோயில்ல தனியா போட்டுட்டுதான் இருந்தேன்."

இந்த மாதிரி மனுஷியை எதிர்வீட்டில் வைத்துக்கொண்டு பதினாறு வருஷமாகப் பால் பாக்கெட்டைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

மறுபடி ஐந்து நாள் வீடு. இந்தத் தடவை எனக்குப் பயமாக இருக்கிறது. மண்டலம் முடியப் போகிறது. அப்புறம் என்ன சொல்லிவிட்டுப் போவது? "இன்னொரு மண்டலம் நேர்ந்துக்கோ, புருஷனுக்குன்னு சொல்லு, சந்தோஷப்படுவாரு" என்கிறாள் நூர். இன்னொரு பொய்க்கு என்னிடம் தெம்பில்லை. இன்னும் ஏழு ஞாயிறு ரசத்துக்கும் தெம்பில்லை.

மார்ச் 7, வெள்ளி

நாற்பத்தெட்டு முடிந்தது. அத்தை சர்க்கரைப் பொங்கல் வைத்துச் சந்துக்கே கொடுத்தார். இன்று கோயிலுக்குள்ளேயே போனேன். சாமியோடு எனக்கு ஒரு சண்டையும் கிடையாது. நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்தேன். அபயாம்பாள் அக்கா வாசலில் நின்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

மார்ச் 8, சனி

ஆறு மணி. செருப்பைப் போட்டேன்.

"மண்டலம்தான் முடிஞ்சிருச்சே. எங்க?" என்றார் அத்தை. வீட்டுக்காரரும் இருந்தார், டீ குடித்துக்கொண்டு.

"கை நரம்புக்கு டாக்டர் அரை மணி நேரம் சும்மா உட்காரச் சொல்லியிருக்காங்க. இத்தனை நாளும் அதுக்குத்தான் போனேன். கோயிலுக்குப் போவல."

யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் லேசாக இருந்திருக்கும். கடைசியில் அத்தைதான், "சும்மா உக்கார அம்புட்டுத் தூரம் போவணுமா? இங்கன உக்காரு" என்றார்.

"இங்கன உக்கார விட மாட்டீயளே அத்தை."

சொல்லிவிட்டுப் படி இறங்கிவிட்டேன். பெஞ்சில் அரை மணியும் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

அத்தை பேசவில்லை. மீன் குழம்பு மட்டும் வைத்தார். என் தட்டில் நடுத்துண்டு இருந்தது. அவர் வைத்ததா, தவறி விழுந்ததா தெரியவில்லை. தின்றேன்.

மார்ச் 10, திங்கள்

அதே சின்ன டாக்டர். தட்டினாள், விரலை அழுத்தச் சொன்னாள், ஊசி நுனியால் தொட்டுப் பார்த்தாள். ஆபரேஷன் இப்போது தேவையில்லை. ஆனால் எதையும் விட்டுவிடக் கூடாது, விட்டால் திரும்ப வரும் என்றாள். சிவப்புப் பைப்பிங் வைத்த பட்டையைப் பார்த்து எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டாள். நாங்கள் தைத்தது என்றேன். இன்னும் நாலு பேருக்கு வேண்டுமாம்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். என் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "மொதல்லயே சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?" என்றார். வேணாம்னுதான் சொல்லியிருப்பார். அவருக்கு அது தெரியாது, பாவம்.

மார்ச் 19, புதன்

அத்தை இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தினமும் ஆறு மணிக்குப் போகிறேன். தினமும் அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். வேண்டுதல் என்று நம்பி நாற்பத்தெட்டு நாள் எனக்குத் தனிப் பாத்திரத்தில் சமைத்தவர். அந்தக் கோபம் நியாயம். அதற்காகப் போகாமல் இருக்க மாட்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

பட்டறையில் நுழைந்ததும் ஜெயினுலாப்தீன் பாய், "உங்க வீட்ல நேத்து என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்கம்மா" என்றார். அவசர ஆர்டராம், நேற்று சாயங்காலம் ஆறேகாலுக்கு என்னைக் கையோடு கூட்டிப் போக வந்திருக்கிறார். அத்தை வாசற்படியை விட்டு எழுந்திருக்கவில்லையாம்.

என்ன சொன்னார் என்று கேட்டேன். பாய் அத்தை குரலிலேயே சொல்லிக் காட்டினார்.

"இப்பம் அவளைக் கூப்புட முடியாது, பாய். அவ சும்மா உக்காந்திருக்கா. ஏழரைக்கு மேல வாங்க."