குழியின் விளிம்பில் நீ

கிங்ஸ் சர்க்கிளில் மறுபடியும் சாலையைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். இன்று காலை காப்பிப்பொடி வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு வந்தேன். குழியிலிருந்து கறுப்பு மண்ணை வாரி நடைபாதையில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். ஈரமும் உப்பும் கலந்த அந்த வாடை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. என் பஸ் வந்தது, போனது. நீ போன பிறகு இது இரண்டாவது மழைக்காலம். உன்னிடம் பேச வேண்டும் போல இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஆண்டாப் ஹில்லுக்குப் பின்னால், கைவிடப்பட்ட உப்பளத்தின் ஓரத்திலும் இதே வாடைதான். இங்குள்ள கல்லூரியும் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்கே அகழாய்வுப் பயிற்சி முகாம் நடத்தின. எல்லோரும் பட்டப்படிப்பு மாணவர்கள். பாதிப்பேர் இந்த ஊர், பாதிப்பேர் கடல் கடந்து வந்தவர்கள். அவர்களுக்குக் குழியில் இறங்கி வேலை கற்றுக்கொடுக்க நாம் இருவர். நான் செம்பூர்க்காரி, நீ தொழிலாளர் குடியிருப்பான லேபர் கேம்ப்காரி. கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாள் முதல் நீ என்னை உன் வீட்டுத் தென்தமிழில் ‘ஏட்டி’ என்றுதான் கூப்பிட்டாய். என் அம்மா முதலில் முகம் சுளித்தாள், பிறகு அவளும் சிரிக்கத் தொடங்கினாள்.

மாணவர்கள் எப்போதும் அவசரப்படுவார்கள். ஏதாவது ஒன்று கிடைத்துவிட வேண்டும் அவர்களுக்கு. “மண்ணு எங்கயும் ஓடிப் போவாது” என்பாய். அதையே அவர்கள் உடைந்த தமிழில் ஒருவருக்கொருவர் சொல்லிச் சிரிப்பார்கள்.

அன்று வெளிநாட்டு மாணவி கிளாராவின் பிரஷ்ஷுக்கு அடியில் அந்தச் சின்ன எலும்புகள் தெரிந்தன. ஒரு குழந்தையின் விலா எலும்புகள். பக்கத்துக் குழியில் பழங்காலப் பானை ஓடுகள் கிடைத்திருந்ததால் எல்லோரும் துள்ளினார்கள். முகாமை நடத்திய பேராசிரியர் ஓடி வந்தார். நீ மட்டும் துள்ளவில்லை. குனிந்து குழியின் சுவரையே வெகுநேரம் பார்த்தாய். எலும்புகளைச் சுற்றியிருந்த மண்ணின் நிறம் வேறாக இருந்தது. அந்த நிறம் சுவரில் ஏறி ஏறி, ஏறக்குறைய மேல்தரை வரைக்கும் வந்திருந்தது. யாரோ அண்மையில்தான் மேலிருந்து தோண்டி, குழந்தையை உள்ளே வைத்து மூடியிருக்கிறார்கள்.

என் பக்கம் திரும்பித் தாழ்ந்த குரலில், “இது பழசு இல்லட்டி. நம்ம காலத்துப் பிள்ள” என்றாய்.

வேலையை நிறுத்தி, வெள்ளைத் துணியால் மூடி, போலீஸுக்குச் சொல்லச் சொன்னாய். ஆனால் கிளாரா அதற்குள் படம் எடுத்துத் தன் இணையப் பக்கத்தில் ஏற்றியிருந்தாள். எலும்புக்குப் பக்கத்தில் அவள் சிரித்த முகம். அது எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனதோ, சாப்பாட்டு வேளை முடிவதற்குள் பக்கத்துக் குடியிருப்பு முழுதும் பார்த்துவிட்டது.

கேட்டுக்கு வெளியே கூட்டம் சேர்ந்தது. தகர ஷெட்டின் மேல் முதல் கல் விழுந்தது. மாணவர்கள் ஷெட்டுக்குள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். “எங்க பிள்ளையத் தோண்டி எடுத்து போட்டோ புடிச்சு வெளாடுதீயளா?” என்று ஒரு குரல். “பாஹர் நிகாலோ சப்கோ”, எல்லோரையும் வெளியே இழு என்று இந்தியில் இன்னொன்று. நான் கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பேராசிரியர் உன்னிடம் ஆங்கிலத்தில் சொன்னது எனக்குக் கேட்டது. கூட்டம் உள்ளே வருவதற்குள் எலும்புகளைப் பெட்டியில் எடுத்து ஜீப்பில் ஏற்றிவிட வேண்டும், மாணவர்களின் பாதுகாப்பு முக்கியம் என்றார். அவர் பயந்திருந்தார். அந்தப் பயம் பொய்யில்லை.

“பெட்டியில எடுத்துட்டு ஓடினா நாம திருடங்கதான் சார்” என்றாய். குழியின் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டுக்கொண்டாய். உன்னைத் தாண்டாமல் யாரும் இறங்க முடியாது.

“அடுத்த வருடம் நீ இங்கே இருக்க மாட்டாய்” என்றார்.

“சரி சார்” என்றாய்.

பிறகு என்னைப் பார்த்துக் கத்தினாய்: “ஏட்டி, சத்தம் போடாம ஒரு அக்கா நிக்காங்க பாரு, நீலச் சேல. அவங்கள மட்டும் உள்ள விடு.”

எப்படிக் கேட்டைத் திறந்து மறுபடி சாத்தினேன் என்று இன்றும் தெரியவில்லை. நீலச் சேலைக்காரியின் பெயர் பாக்கியம். அறுபது வயது இருக்கும். குழிக்கு அருகே வந்ததும் சொல்லத் தொடங்கினாள். அவளுடைய முதல் குழந்தை ஒரு மழைக்காலத்தில் காய்ச்சலில் போயிருந்தது. எங்கும் வெள்ளம், கல்லறைக்குப் போக வழியில்லை. புருஷன்தான் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார்.

“உப்பளத்துப் பக்கம்னு சொன்னாரு. எடத்தக் காட்டவே இல்ல. அவரும் போய்ச் சேந்துட்டாரு” என்றாள். பிறகு உன்னைப் பார்த்தாள். “இது எம்பிள்ளையாம்மா?”

வெளியே தகரத்தை உதைக்கும் சத்தம். ஆமாம் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் மனம் ஆறியிருக்கும். இல்லை, இது பழங்கால எலும்பு என்று சொல்லியிருந்தால் கூட்டம் கலைந்திருக்கலாம். இரண்டும் எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரிந்தது.

“தெரியலக்கா” என்றாய். “பொய் சொல்ல மாட்டேன். யாரோ ஒருத்தி பெத்த பிள்ள. அம்புட்டுதான் தெரியும்.”

அவள் துணியை விலக்கச் சொன்னாள். பார்த்தாள். மறுபடி மூடச் சொல்லிவிட்டு, உன் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

கிளாரா அழுதுகொண்டே வந்து உன்னிடம் மன்னிப்புக் கேட்டாள். “எங்கிட்ட இல்ல, அவங்ககிட்ட கேளு. நான் தமிழ்ல சொல்றேன்” என்று ஆங்கிலத்தில் சொன்னாய். அவள் கேட்டாள். படத்தை அழித்துவிட்டதாகவும் சொன்னாள்.

பாக்கியம் அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள். “போன்லேந்து அழிச்சிட்ட. பாத்தவங்க கண்ணுலேந்து?”

அதை நீ விட்டுவிடுவாய் என்று நினைத்தேன். நீ ஒரு சொல்லையும் குறைக்காமல் அப்படியே சொன்னாய். கிளாரா அங்கேயே நின்றாள். அக்கா பக்கத்து மண்ணைத் தட்டி, “உக்காரு” என்றாள். அந்த வார்த்தைக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

போலீஸ் வந்தபோது குழியின் விளிம்பில் மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தீர்கள். பாக்கியம் அக்கா எழுந்து போய்க் கேட்டுக்கு வெளியே ஏதோ சொன்னாள். என்ன சொன்னாளோ, கூட்டம் மெல்ல அமைதியானது.

அந்தக் குழந்தை யாருடையது என்று கடைசி வரை தெரியவில்லை. விசாரணை முடிந்து போலீஸ் எலும்புகளைத் திருப்பிக் கொடுத்ததும் குடியிருப்பே சேர்ந்து அடக்கம் செய்தது. தாயின் இடத்தில் பாக்கியம் அக்கா நின்றாள். அவளோடு, தங்கள் பிள்ளைகளையும் அந்தப் பக்கத்து மண்ணுக்குக் கொடுத்த இன்னும் இரண்டு பெண்கள் வந்து நின்றார்கள். யாரும் யாரையும் நகரச் சொல்லவில்லை. நம் மாணவர்கள் பின்வரிசையில் நின்றார்கள். அந்த முகாமில் அவர்கள் கற்றது அதுதான் என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது.

பேராசிரியர் சொன்னபடியே செய்தார். அடுத்த வருடம் உன்னை அழைக்கவில்லை, என்னை அழைத்தார். நானும் போகப் போவதில்லை என்று உன் வீட்டுக்கு வந்து சொன்னேன். உனக்கு வந்த கோபம் இருக்கிறதே! “நீயும் போவலைன்னா அந்தப் பிள்ளைங்களுக்கு யாருட்டி சொல்லிக் குடுப்பா?” என்றாய். அப்போதே உன் குரல் கரகரத்துக்கொண்டிருந்தது. ஜலதோஷம் என்றாய், நானும் நம்பினேன். அது தொண்டையில் வளர்ந்த கட்டி என்று தெரிந்தபோது உனக்கு அதிக நாள் மிச்சமில்லை.

நான் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். இப்போதெல்லாம் எந்த இடமானாலும், கயிறு கட்டி அளப்பதற்கு முன் மாணவர்களை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கூட்டிப் போகிறேன். அங்கே உட்கார்ந்து, யாரையாவது அந்த மண்ணில் புதைத்திருக்கிறார்களா என்று கேட்க வேண்டும். என் செம்பூர்த் தமிழில் அது வாயிலிருந்து வருவதே இல்லை. உன் பேச்சில்தான் கேட்கிறேன்: “இங்க யாரையும் வச்சிருக்கீயளாக்கா?”

போன முகாமில் ஒரு பெண் அதைக் கேட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். பிறகு கையை மட்டும் நீட்டி ஒரு வேப்பமரத்தைக் காட்டினாள். வரைபடத்தில் எங்கள் முதல் குழி அங்கேதான் இருந்தது. மாணவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். கயிற்றுச் சுருளைத் தூக்கிக்கொண்டு வேறு பக்கம் நடந்தோம்.