உட்காராத வீட்டுக்காரி

மார்ச் 5, வியாழன்

ஞாயிறு விருந்துக்கு மூன்று பாட்டில் ஒயின் வாங்கியாயிற்று. இரண்டு சிவப்பு, ஒன்று வெள்ளை. கடைக்காரர் ஏதோ நீளமாக விளக்கினார். எந்த வருஷத்துத் திராட்சை, எதோடு சாப்பிடலாம் என்பதாக இருக்கும். நானும் ரசித்துத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஓகோ, கேள்வி கேட்டிருக்கிறார். குருட்டாம்போக்கில் "ஆமா" என்றேன். பை எடுத்துப் போட்டுக் கொடுத்தார். பை வேண்டுமா என்றுதான் கேட்டிருக்கிறார். பிழைத்தேன்.

மார்ச் 7, சனி

கோழிக்கு எலுமிச்சையும் பூண்டும் தடவி ஊறவைத்தாயிற்று. கண்ணாடிக் கோப்பைகளை இவர் துடைத்தார். ஒன்று உடைந்தது. அந்தச் சத்தம் மட்டும் எனக்கு நன்றாகவே கேட்டது.

மார்ச் 8, ஞாயிறு

மனசு சரியில்லை. எழுதித் தீர்க்கப் பார்க்கிறேன்.

மாதத்தின் இரண்டாவது ஞாயிறு, மதியச் சாப்பாடு, எப்போதும் எங்கள் வீட்டில்தான். ஆறு வருஷமாக இப்படித்தான். வருகிறவர்கள் மூன்றே பேர். என் கல்லூரித் தோழி வக்கீல். இவருடைய பள்ளிக்கூடத் தோழர் நீச்சல் மாஸ்டர். அவர் மனைவி கணக்கு டீச்சர். தங்கள் வீட்டில் ஒருமுறை வைத்துக்கொள்ளலாமே என்று அவர்கள் கேட்காத மாதமில்லை. நான் விடுவதில்லை. "அக்காவுக்கு ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது" என்று டீச்சர் கேலி செய்வாள். விருந்து என்றால் அக்காதான் என்று ஊரெல்லாம் எனக்குப் பெயர்.

என் லட்சணம் எனக்குத்தானே தெரியும். எனக்கு மேஜையில் உட்காரப் பயம். நாலு பேர் சேர்ந்து பேசினால் எனக்கு அது வெறும் இரைச்சல். ஒருவர் நேருக்கு நேர் நின்று பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவேன். நான் பல் செட்டு செய்கிறவள், அதனால் பல்லைப் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். மேஜையில் எத்தனை உதட்டைப் பார்ப்பது? வீட்டுக்காரி என்றால் ஐஸ் எடுக்க ஓடலாம், தட்டு மாற்ற ஓடலாம். ஓவன் மணி என் காதில் விழுந்து நாலு வருஷம் இருக்கும். அதனால் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து எட்டிப் பார்ப்பேன். நல்ல சாக்கு. விருந்தாளியாகப் போனால் எங்கே ஓடுவது?

இன்று உருளைக்கிழங்குத் தட்டோடு வந்தேன். எல்லார் வாயும் திறந்திருந்தது. மாஸ்டரின் புருவம் நெற்றி உச்சியில். ஜோக் அடித்தால் அவர் முகம் அப்படித்தான் இருக்கும். வக்கீலின் முகம் சிவந்திருந்தது. சரி, பலே ஜோக் போலிருக்கிறது என்று நான் பாட்டுக்குக் கடகடவென்று சிரித்தேன். "இந்த வருஷத்துக்கு இந்த ஒரு ஜோக் போதும்!" என்று மேஜையைத் தட்டினேன் வேறு.

யாரும் சிரிக்கவில்லை. வக்கீல் கோப்பையைக் காலி செய்தாள். தலைவலி என்று சொல்லி, கேக் வெட்டும் முன்பே கிளம்பிவிட்டாள்.

எல்லாரும் போனபின் பாத்திரம் கழுவும்போது இவர் என் முன்னால் வந்து நின்று கேட்டார்.

"ஏன் அப்படிச் சிரிச்சே?"

"எதுக்கு?"

"அவ மறுபடியும் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்னு சொன்னா. நீ ஜோக்குங்கறே."

தட்டும் நுரையுமாக அப்படியே நின்றேன். பன்னிரண்டு வருஷம் ஒண்டியாக இருந்தவள். ஐம்பத்து மூன்று வயதில் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு நாலு பேர் முன்னால் வாயைத் திறந்திருக்கிறாள். முதல் ஆளாக நான் சிரித்திருக்கிறேன். ஐயோ, ஐயோ. என் வாயில் மண்ணைப் போட!

"காதுல விழலையா?" என்றார். "விழுந்துச்சு, சும்மா கேலிக்கு" என்றேன். அவரிடமும் பொய். ஏன் சொன்னேன்? செவிடி என்ற பெயரைவிடக் கல்நெஞ்சுக்காரி என்ற பெயர் மேலா?

மார்ச் 9, திங்கள்

வக்கீலுக்கு போனில் எழுதினேன்: சந்தோஷத்தில் சிரித்துவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

பதில்: "சந்தோஷத்தில் யாரும் ஜோக் என்று சொல்லமாட்டார்கள்."

குறுக்கு விசாரணையில் முதல் கேள்விக்கே மாட்டிக்கொண்டேன்.

மார்ச் 14, சனி

ஐந்து நாளாக வக்கீலிடமிருந்து ஒரு எழுத்து இல்லை. முப்பத்தொரு வருஷப் பழக்கத்தில் இப்படி இருந்ததில்லை. லேபில் ஒரு கடைவாய்ப்பல்லை மூன்று தடவை மெழுகில் செதுக்கினேன். மூன்றும் கோணல்.

மார்ச் 17, செவ்வாய்

இன்று இவரிடம் உண்மையைச் சொன்னேன். அழுதுகொண்டேதான். காது கேட்கவில்லை, நாலு வருஷமாக நடிக்கிறேன் என்றேன். மனுஷன் ஆச்சரியப்படவே இல்லை.

"தெரியும்."

"எப்படி?"

"டிவி சத்தம் நாற்பதுல இருக்கு. பக்கத்து வீட்டுக்காரர் நம்ம வீட்டு நியூஸைத்தான் கேக்கறார். நான் உன் இடது பக்கமாவே நடக்கறேனே, கவனிச்சதில்லையா? அந்தக் காது பரவால்ல உனக்கு."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் பூசணிக்காயைப் பார்த்தும் பேசாமல் சாப்பிட்டிருக்கிறார். "ஏங்க சொல்லலை?" என்றேன். "போன வருஷம் ஒரு தடவை சொன்னேன். மூணு நாள் என்னோட பேசலை நீ" என்றார். அது உண்மைதான்.

மார்ச் 20, வெள்ளி

காது பரிசோதனை. கண்ணாடிப் பெட்டி மாதிரி அறை. சின்னச் சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். ரொம்ப நேரம் ஒன்றுமே வரவில்லை, மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மெஷின் நன்றாகத்தான் இருந்ததாம்.

"எத்தனை வருஷமா சத்தத்துல வேலை பாக்கறீங்க?" என்று கேட்டாள் பரிசோதனை செய்த பெண்.

"இருபத்தேழு. பல்லைத் தேய்க்கிற கிரைண்டர்."

"காதுல பஞ்சு கூட வெக்கலையா?"

 ஊர்ப் பல்லையெல்லாம் காப்பாற்றினேன், என் காதைக் கோட்டை விட்டேன்.

இரண்டு காதுக்கும் கருவி. இரண்டு வாரம் ஆகும்.

மார்ச் 26, வியாழன்

கருவி வரும்வரை காத்திருக்க முடியவில்லை. மதிய இடைவேளையில் நீதிமன்றத்துக்கே போய்விட்டேன். வராந்தாவில் வக்கீல் ஒரு கையில் கோப்பும் மறு கையில் சாண்ட்விச்சுமாக நின்றாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பினாள். நான் விடவில்லை. எதிரே போய் நின்று, மூச்சு விடாமல் கொட்டிவிட்டேன். நீ சொன்னது என் காதில் விழவே இல்லைடி. மாஸ்டர் மூஞ்சியைப் பார்த்துச் சிரிச்சேன். எனக்குக் காது கேக்காது. வெக்கப்பட்டு மறைச்சேன். என்னை அடி, திட்டு, பேசாம மட்டும் இருக்காதே.

அவள் என்னவோ சொன்னாள். வராந்தா இரைச்சலில், அதுவும் அவளுடைய குரலில் (கோர்ட்டில் எப்படித்தான் ஜெயிக்கிறாளோ) ஒன்றும் விளங்கவில்லை. "எழுதிக் காட்டு" என்றேன். சாண்ட்விச்சை என் கையில் திணித்துவிட்டு, கோப்பின் பின்புறத்தில் எழுதினாள்:

"இந்த நாலு வருஷத்தில் நான் சொன்னது எவ்வளவு கேட்டது?"

"பாதி இருக்கும்."

"என் நாத்தனார் வழக்கு?"

"தெரியாது."

"என் முட்டி வலி?"

"முட்டி வலியா உனக்கு?"

அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறிப்போனேன். சிரிப்பு! கண்ணில் நீர் வரச் சிரித்தாள். பிறகு என் இடது காதருகே வாயை வைத்து, தெளிவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: "நான் கல்யாணம் பண்ணிக்கப் போறேன்."

வராந்தா என்றும் பார்க்காமல் கட்டிக்கொண்டேன். சாண்ட்விச் நசுங்கிவிட்டது.

ஏப்ரல் 4, சனி

கருவி வந்துவிட்டது. கடலைப்பருப்பு அளவுதான். இதை மறைக்கவா முடியை இவ்வளவு நீளமாக வளர்த்துத் தயாராக இருந்தேன்!

ஃபிரிட்ஜ் முனகுகிறது. என் செருப்பு சரக் சரக்கென்கிறது. இவர் காபி உறிஞ்சுகிற சத்தம், அடேயப்பா! நாலு வருஷம் இதைக் கேட்காமல் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

இவ்வளவு சந்தோஷமான ஞாயிறு வந்து வெகு நாளாயிற்று.

அவர்கள் உட்கார்ந்ததும் முடியை ஒதுக்கிக் காதைக் காட்டி எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். டீச்சர் எழுந்து வந்து முத்தம் கொடுத்தாள். மாஸ்டர் மட்டும் முகம் வாடிப்போனார். "அப்ப என் ஜோக்குக்கெல்லாம் சிரிச்சது?" என்றார். "அண்ணே, நீங்க குளத்து அக்கரைக்குக் கேக்கற மாதிரி பேசறவரு. உங்களது மட்டும்தான் முழுசாக் கேட்டுச்சு. சிரிச்சது நெஜம்" என்றேன். மனுஷனுக்கு உயிர் வந்தது.

ஆனால் கருவி போட்டாலும் கூட்டத்துப் பேச்சு சிரமம்தான். எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்து மோதுகிறது. அரை மணியில் தலை வலித்தது. பழைய புத்தி, ஐஸ் எடுக்க எழுந்தேன். வக்கீல் கையைப் பிடித்து உட்கார்த்திவிட்டாள். இவர் அப்போதுதான் திறந்த பாட்டிலின் தக்கையை எடுத்து மேஜை நடுவில் வைத்து, அங்கேயே ஒரு சட்டம் எழுதினாள்:

ஒன்று, தக்கை யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே பேச வேண்டும். இரண்டு, மீறுகிறவர் பாத்திரம் கழுவ வேண்டும். மூன்று, வீட்டுக்காரி உட்கார்ந்திருக்க வேண்டும்.

மாஸ்டர் பத்து நிமிஷத்தில் ஏழு தடவை மீறினார். ஆனால் ஒரு அதிசயம். ஆறு வருஷமாக எங்கள் மேஜையில் யாரும் ஒரு கதையை முழுதாகச் சொல்லி முடித்ததில்லையாம். நான்தான் கேட்கவில்லை என்றிருந்தேன், காது உள்ளவர்களும் கேட்டதில்லை! டீச்சர் தன் பள்ளியில் பரீட்சைத் தாள்களை ஆடு மேய்ந்த கதையை இன்றுதான் கடைசிவரை சொன்னாள். அவள் புருஷனுக்கே முடிவு தெரியாது. வெள்ளை ஒயின் தீர்ந்ததே தெரியவில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

பாத்திரம் கழுவியதில் மாஸ்டர் இரண்டு கோப்பையை உடைத்திருக்கிறார். போனால் போகிறது.

மே 10, ஞாயிறு

வக்கீல் தான் கட்டிக்கொள்ளப் போகிறவரை அழைத்து வந்தாள். சைக்கிள் கடைக்காரர். உயரம், நரைத்த மீசை, கையில் ஒரு சிவப்பு ஒயின். கூச்சத்தில் மூன்று தடவை வணக்கம் சொன்னார். தக்கைச் சட்டத்தை அவருக்கு ஏற்கெனவே பாடம் நடத்தியிருக்கிறாள்.

சாப்பாடு முடிந்து, ஆப்பிள் கேக் ஓவனில். தக்கை வக்கீல் கைக்குப் போயிற்று. தன் மெல்லிய குரலில், என்னை நேராகப் பார்த்துக்கொண்டு, அவரைச் சந்தித்த கதையை ஆரம்பித்தாள். சைக்கிள் பஞ்சர் என்று அவர் கடைக்குப் போனாளாம். அடுத்த வாரமும் பஞ்சர். மூன்றாவது வாரம் என்று சொல்ல வந்தவள், நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தாள். "இதை இவர்கிட்ட இன்னும் சொல்லலை. மூணாவது பஞ்சர் நானே குண்டூசியால குத்தினது."

அவர் காது மடல் சிவந்துவிட்டது. தக்கையை வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "தெரியும். குண்டூசி டயர்லயே இருந்துச்சு. பத்திரமா வெச்சிருக்கேன்."

மேஜையே கூத்தாடியது. மாஸ்டர் சட்டத்தை மறந்து கத்தினார். நான் சிரித்தேன். சரியான இடத்தில், எல்லாரோடும் சேர்ந்து, வயிறு வலிக்க.

கேக் ஒரு பக்கம் கரியாகிவிட்டது. கத்தியால் சுரண்டிவிட்டு, ஒயினில் தொட்டுத் தொட்டு ஒரு துண்டு விடாமல் தின்று தீர்த்தார்கள். இவர் தட்டை வைத்துக்கொண்டு என்னைக் கவலையோடு பார்த்தார்.

"மெஷின் போட்டும் ஓவன் மணி கேக்கலையா?"

"கேட்டுச்சு" என்றேன்.