உன் மாமனார் நம்ம வீட்டுல தங்கின நாளுங்க

சிதம்பரம்

அன்பு மகள் இசைவாணிக்கு அம்மா எழுதிக்கிறது. நானும் அப்பாவும் உடம்பளவுல நல்லா இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் சுவேதா குட்டியும் அங்க மஸ்கட்டுல ஒரு கொறையும் இல்லாம இருக்கணும்னு நடராஜர வேண்டிக்கிட்டுதான் பேனாவ எடுத்தேன். தினம் போன்ல பேசுற அம்மா எதுக்கு இப்ப கடுதாசி எழுதுறான்னு உனக்குத் தோணும். நீ போன ஸ்பீக்கர்ல போட்டுட்டு சமைக்கிறவ, பக்கத்துல மாப்பிள்ளை இருப்பாரு, இல்ல பாதியில அவரே வாங்கிப் பேசுவாரு. இது அவரு திடீர்னு காதுல வாங்குற சேதி இல்ல. பரங்கிப்பேட்டை ரஹீம் பாய் சனிக்கிழமை மஸ்கட் திரும்புறாரு, உன் கையிலதான் குடுக்கணும்னு சொல்லி அனுப்புறேன். தனியா உக்காந்து முழுசும் படி. பாதி படிச்சுட்டு போன் பண்ணாத.

உன் மாமியார் வீட்டைப் பத்தி எனக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது உனக்கே தெரியும். கடலூருக்கு எப்பப் போனாலும் ஹால் சோபாவத் தாண்டி விட மாட்டாங்க, காப்பி வரும், பிஸ்கட் வரும், உள்கதவு சாத்தியே இருக்கும். ஒருதரம் பாத்ரூம் போகணும்னு கேட்டதுக்கு எங்க வீட்டுல குழாய் ரிப்பேருன்னு சொல்லி பக்கத்து வீட்டுக்கு இட்டுக்கிட்டுப் போனாங்க. நாம என்ன தீட்டான்னு வர்ற வழியெல்லாம் பஸ்ல அப்பாகிட்ட பொலம்பினேன். அவுங்க வீடு, அவுங்க இஷ்டம், விடுன்னுட்டாரு. இந்த மழையில பெண்ணையாத்துத் தண்ணி அவுங்க தெருவுல பூந்தப்ப அப்பாதான் வேன் எடுத்துக்கிட்டுப் போயி ரெண்டு பேரையும் நம்ம வீட்டுக்கு அழைச்சுக்கிட்டு வந்தாரு. உன் மாமியார் வர மாட்டேன்னாங்களாம், மாடியிலயே இருந்துக்குறோம், எங்களுக்கு ஒண்ணும் ஆவாதுன்னு அழாத கொறையா சொன்னாங்களாம். மாடிப்படி வரைக்கும் தண்ணி நிக்குது, இப்பப் போயி கௌரவம் பாக்குறாங்களேன்னு அப்பாவுக்குக் கோவம். உங்கிட்ட போன்ல ரெண்டு பேரும் சௌரியமா வந்துட்டாங்கன்னு மட்டும் சொன்னேன் பாரு, அன்னிக்கு எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

உன்னோட ரூமைத்தான் ஒழிச்சுக் குடுத்தேன். வந்த மறுநாளே உன் மாமனார் எங்க ரூமுக்குள்ள போயி பீரோவத் திறந்து அப்பா சட்டைய எடுத்துப் போட்டுக்கிட்டு வந்து ஹால்ல உக்காந்தாரு. அப்பா சிரிச்சுட்டாரு, தண்ணியில துணி நனைஞ்சுபோச்சு, கேக்கக் கூச்சப்பட்டிருப்பாருன்னாரு. அதுக்கு அடுத்த நாள் நான் குளிச்சுட்டு வந்து புடவை கட்டிக்கிட்டு இருக்கேன், கதவைத் திறந்துக்கிட்டு உள்ள வந்தாரும்மா. நான் பாவாடையோட நிக்கிறேன். அவரு என்னைப் பாக்கவே இல்ல. நேரா சுவிட்ச் போர்டுகிட்ட போயி தட்டித் தட்டிப் பாத்து, இந்த லைனுக்குத்தான் கம்ப்ளைண்ட் வந்திருக்குன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டாரு. புடவைய அப்படியே சுத்திக்கிட்டுக் கட்டில்ல உக்காந்தேன். உன் மாமியார்கிட்ட சொன்னா, கதவு திறந்திருந்துச்சு போல, தெரியாம வந்துட்டாரு அண்ணின்னு முகத்தைப் பாக்காம சொல்லிட்டு அந்தாண்ட போயிட்டாங்க. அப்பாவுக்கு வந்துச்சே கோவம். எவ்வளவு பெரிய சம்பந்தியா இருந்தாலும் பொம்பள இருக்குற ரூமுக்குள்ள இப்படி வருவாங்களா, இன்னிக்கே கேட்டுடுறேன்னு கிளம்பினாரு. நான்தான் கையப் புடிச்சு நிறுத்தினேன். ஒரு வார்த்தை தடிச்சா அது மஸ்கட்டுல உன் வீட்டுக்குள்ள வந்து நிக்குமேன்னு பயம். அன்னியிலேருந்து என் வீட்டுலயே நான் ரூமைத் தாழ் போட்டுக்கிட்டு இருந்தேன், ஆம்பள செருப்புச் சத்தம் கேட்டா தாழ்ப்பாள ஒருதரம் இழுத்துப் பாத்துக்குவேன்.

மேல் போர்ஷன்ல குடியிருக்காங்கல்ல, அவுங்க பொண்ணு இளவரசி, மூணு வயசு, எந்நேரமும் நம்ம வீட்டுலதான் ஓடிக்கிட்டு இருக்கும். ஒருநாள் காலையில அப்பா காய் வாங்க மேல வீதிக்குப் போயிருந்தாரு, உன் மாமியார் குளிச்சுக்கிட்டு இருந்தாங்க, மழையால கரண்ட் போயி ரொம்ப நேரம் ஆச்சு. நான் அடுப்படியில இருந்தேன். புள்ள சத்தமே காணோமேன்னு எட்டிப் பாத்தா, மாடிப்படிக்குக் கீழ மீட்டர் பெட்டிகிட்ட உன் மாமனார் நிக்கிறாரு. கையில திருப்புளி. பெட்டிய மொத்தமா கழட்டி வயர எல்லாம் வெளிய இழுத்து விட்டிருக்காரு. தோல் சீவின வயரு முனைய அந்தப் புள்ள கையில குடுத்து, கெட்டியாப் புடிச்சுக்க கண்ணு, அய்யா மேல பாத்துட்டு வந்துடுறேன்னு சொல்லிக்கிட்டு இருக்காரு. அதுவும் ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டு சிரிச்சுக்கிட்டு நிக்குது. நான் எப்படி ஓடினேன்னு தெரியல, புள்ளைய வாரி எடுத்துட்டேன். அதுக்குள்ள உன் மாமியார் ஈரப் பாவாடைய மாருல கட்டுனபடியே ஓடிவந்து, ஒரு சத்தம் போடாம, அவரு தோளுக்கு மேல கைய நீட்டி மெயின் சுவிட்ச இறக்கினாங்க. இறக்கி, அவரு கையிலேருந்து திருப்புளிய வாங்கிக்கிட்டு, வேலை முடிஞ்சிடுச்சுங்க, டீ சாப்புட வாங்கன்னு கூப்புட்டாங்க. அவரும் பின்னாடியே போனாரு. நான் புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு அங்கயே நிக்கிறேன், பக்கத்து வீட்டுல டிவி சத்தம் கேட்டுச்சு. கரண்ட் வந்திடுச்சு. தெருவுல எல்லா வீட்டுலயும் வந்திடுச்சு வாணி.

அப்பறம்தான் உன் மாமியார் அடுப்படியில என் பக்கத்துல தரையில உக்காந்து வாயத் திறந்தாங்க. ரெண்டு வருஷமா மறதி நோயாம். பாண்டிச்சேரியில டாக்டர்கிட்ட காட்டி மாத்திரை குடுத்துக்கிட்டு இருக்காங்க, நிக்கல, ஜாஸ்திதான் ஆகுது. மின்வாரியத்துல லைன் இன்ஸ்பெக்டரா இருந்தவரு, இன்னும் டியூட்டியில இருக்குறதாவே நெனச்சுக்கிறாராம், எந்த வீடா இருந்தாலும் கம்ப்ளைண்ட் வந்த வீடாம். அன்னிக்கு உங்க ரூமுக்கு வந்தப்ப உங்களை அவருக்குப் பொம்பளையாவே தெரிஞ்சிருக்காது அண்ணி, போர்டு மட்டும்தான் தெரிஞ்சிருக்கும், என்னை மன்னிச்சிடுங்கன்னாங்க. ஆரம்பத்துல நெனவு தெளிவா இருந்தப்ப அவரேதான் கேட்டுக்கிட்டாராம், நம்ம புள்ள அன்பரசுகிட்ட சொல்லிடாத, வேலைய விட்டுட்டு ஓடி வந்துடுவான்னு. அதுக்காகத்தான் வீடியோ கால்ல அவரு பக்கத்துலயே உக்காந்து, அவரு வாயத் திறக்குறதுக்குள்ள இவுங்களே பதில் சொல்லி சமாளிச்சிருக்காங்க. நீயும் மாப்பிள்ளையும் வந்து தங்கினப்பகூட அவருக்கு சளி, தூக்கம்னு சொல்லி ரூமுலயே வச்சிருந்தாங்கல்ல, அது சளி இல்ல.

தண்ணி வடிஞ்சதும் நாங்க கூடவே போயி வீட்டைக் கழுவி விட்டோம். முதல் தடவையா அந்த உள்கதவத் தாண்டிப் போனேன். எல்லா ரூமுக்கும் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் வச்சிருக்கு. கேஸ் அடுப்புல திருகே இல்ல, கழட்டித் தன் இடுப்புல சொருகி வச்சிருக்காங்க. சுவிட்ச் போர்டு எல்லாத்துக்கும் மேல பலகை அடிச்சிருக்கு. எல்லாம் நீங்க வந்துட்டுப் போனப்பறம் செஞ்சதாம். பாத்ரூம் கண்ணாடிய ஒரு பழைய வேட்டியால மூடியிருக்கு, அதுல தெரியுற ஆள யாரோ திருடன்னு நெனச்சு அடிக்கப் போறாராம். அப்படி ஒருதரம் தடுக்கப் போயிதான் உன் மாமியாருக்கு மணிக்கட்டு வீங்கிக் கெடக்கு, நமக்கெல்லாம் வழுக்கி விழுந்தேன்னு சொன்னாங்களே, அது. அந்தம்மா தனியா இதுக்குள்ள எப்படி இருந்தாங்கன்னு நெனச்சா எனக்கு சோறு எறங்கல. பாத்ரூம் போகக்கூட விடலன்னு நான் பேசின பேச்சு நாக்குல கசக்குது.

அப்ப பாத்துத்தான் மாப்பிள்ளை போன் பண்ணாரு. தை மாசம் வர்றப்ப சுவேதாவ இட்டாந்து ஏப்ரல்ல மஸ்கட்டுல ஸ்கூல்ல சேக்குற வரைக்கும் கடலூர்லயே விட்டுட்டுப் போறோம், வாணிக்கு புது வேலையில ஷிப்ட் மாறி மாறி வருதுன்னாரு. உன் மாமியார் சரிப்பா, விட்டுட்டுப் போன்னுட்டாங்க. எனக்கு உசுரே இல்ல. அந்த வயரப் புடிச்சுக்கிட்டு நின்ன புள்ள மொகத்துல நம்ம சுவேதா மொகம் தெரியுது. போன வச்சதும் நான் கேட்டேன், அண்ணி, இது உங்க குடும்பம், இதுல தலையிட எனக்கு உரிமை இல்ல, ஆனா புள்ளைய எப்படி சரின்னு சொன்னீங்கன்னு. வேணாம்னு சொன்னா ஏன்னு கேப்பானே, நான் என்னன்னு சொல்லுவேன்னு தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. நான் சொல்லாம இருக்க முடியாது அண்ணி, என்னை வெறுத்தாலும் சரின்னேன். உள்ள உன் மாமனார் தூங்குற ரூமையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, நீங்களே எழுதுங்க, எனக்கு அத சொல்ல வாய் வராதுன்னாங்க.

அதனாலதான் எழுதுறேன். சுவேதாவ அங்க விடுற பேச்சு வேணாம், இங்க சிதம்பரத்துல நாங்க வச்சுக்கிறோம். மேல் வீட்டுல அந்தப் புள்ளையோட அம்மாகிட்ட நடந்தத அன்னிக்கே சொல்லிட்டேன், பாவம், இப்ப இளவரசிய கீழ அனுப்புறதில்ல, அவளை நான் கொறை சொல்ல மாட்டேன். அப்பா வாரத்துக்கு ஒருதரம் கடலூர் போயி அவரோட உக்காந்துட்டு வர்றாரு, அந்த நேரத்துல உன் மாமியார் கொஞ்சம் தூங்குறாங்க. ஆனா அது போதாது, ஒரு ஆள் வைக்கணும், அதுக்கு மாப்பிள்ளை வந்துதான் ஆகணும். அவருகிட்ட ஆபீஸ் நேரத்துல சொல்லாத, வண்டி ஓட்டுறப்ப சொல்லாத. சாப்புட்டு முடிச்சப்பறம் பக்கத்துல உக்காந்து சொல்லு. தன் அம்மா மறைச்சிட்டாங்கன்னு அவரு கோவப்பட்டா, உன் மாமியார விட்டுக் குடுத்துப் பேசாத. எங்க வீட்டு விஷயத்துல உங்க அம்மா ஏன் மூக்க நுழைக்கிறாங்கன்னு கேட்டாருன்னா, கேக்கட்டும், அதுக்கு பதில் சொல்லாத. குடும்ப வாட்ஸ்அப்புல ஒரு வார்த்தை வரக்கூடாது, திட்டக்குடி அத்தைக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். உங்கிட்ட மட்டும் சொல்றேன், ராத்திரியில தூக்கம் வர மாட்டேங்குது. நேத்து அப்பா மூக்குக்கண்ணாடிய எங்க வச்சேன்னு தேடினாரு. பக்கத்துலயே இருந்து அவரு எதெல்லாம் மறக்குறாருன்னு பாத்துக்கிட்டே இருக்கேன், அவருக்குத் தெரியாம.

உடம்பப் பாத்துக்க, ஷிப்ட் முடிஞ்சு வந்தா வெறும் வயித்தோட படுக்காத, நீ நல்லா இருந்தாத்தான் எல்லாரையும் தாங்க முடியும். சுவேதாவுக்கு என் முத்தம். மூணு பேரும் நோய் நொடி இல்லாம நூறு வருஷம் இருக்கணும். கிளம்புறப்ப உன் மாமியார் வாசல் வரைக்கும் வந்து மாப்பிள்ளைகிட்ட சொல்லச் சொல்லி ஒண்ணு சொன்னாங்க, அத மறக்காம சொல்லு. அவரு வந்து இறங்கினதும், அப்பா என்னைத் தெரியுதா, நான் யாரு சொல்லுங்கன்னு கேக்கவே கூடாதாம், அப்படி யாராவது கேட்டா உன் மாமனார் பயந்துபோயி அழுவுறாராம். அப்பா, அன்பரசு வந்திருக்கேன்னு தானே பேர சொல்லிட்டு, பக்கத்துல உக்காந்துக்கணுமாம்.

உன்னையே நெனச்சுக்கிட்டு இருக்குற
அம்மா தமிழ்ச்செல்வி