பத்தொன்பது நொடி

மார்ச் 3
அண்ணாவின் முக்காலி இன்னும் என் மேசைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. உடன்பிறந்தவர் இல்லை, இந்த ஆய்வகத்தில் ஆறு வருடம் என்னோடு வேலை பார்த்தவர். இரண்டு வருடத்துக்கு முன் கிடங்குக்கு மாற்றினார்கள். போன மாதம் மாரடைப்பு. போய்விட்டார்.

மார்ச் 5
திரவ நைட்ரஜனில் ஒரு மூலக்கூறை லேசரால் அதிர வைத்தால், அந்த அதிர்வு சட்டென்று அடங்காது. பக்கத்து மூலக்கூறுக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று கைமாறிக் கைமாறி ஏறக்குறைய ஒரு நிமிடம் தாக்குப்பிடிக்கும். வேற்றுப்பொருள் எதிலாவது மாட்டினால் போச்சு. அங்கேயே வெறும் சூடாகிவிடும். அதனால்தான் நைட்ரஜன் வாயுவைத் திரவமாக்கும் முன் சுத்தப்படுத்தும் குழாயை ஒவ்வொரு முறையும் சூடேற்றி உலர்த்த வேண்டும். அது என் வேலை. அளப்பது அண்ணா. வாய்விட்டு எண்ணுவார்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் அவருக்கு வந்தது பத்தொன்பது நொடிதான். அதை நம்பி மாநாட்டில் பேசிய பேராசிரியர் மூக்குடைபட்டு வந்தார். "உங்க வேலையில சுத்தமே கிடையாது," என்று அண்ணாவைத் திட்டினார், எல்லார் முன்னாலும். கிடங்குக்கு மாற்றியது அதற்குப் பிறகுதான்.

மார்ச் 6
எழுதிவிடுகிறேன். அன்று நான் குழாயைச் சூடேற்றவில்லை. வீட்டுக்குப் போகிற அவசரம். பதிவேட்டில் டிக் மட்டும் போட்டேன். அவர் திட்டு வாங்கும்போது என் வாய்க்கு என்ன பூட்டா போட்டிருந்தது?

மார்ச் 7
பாத்திரம் கழுவும்போது அண்ணா எண்ணுகிற குரல் கேட்டது. பத்தொன்பதில் நின்றுவிட்டது.

மார்ச் 11
வேண்டுமென்றே சூடேற்றாமல் அளந்தேன். பதினெட்டு. பத்தொன்பது. பத்தொன்பது. அண்ணா அளந்ததில் தப்பே இல்லை.

மார்ச் 12
பேராசிரியரிடம் சொன்னேன். "ரெண்டு வருஷமா ஏம்மா சொல்லல?"
எழுதித் தரச் சொன்னார். கொடுத்தேன். வேலை போனால் போகட்டும். போனால்... பயமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 14
அண்ணி வீடு. உட்கார்ந்ததுமே எல்லாம் சொல்லி அழுதுவிட்டேன். அவர் அழவில்லை.
"அவருக்குத் தெரியும்மா. சூட்டைப் பதியற தாளை அப்புறமா எடுத்துப் பார்த்தாராம். அன்னைக்குக் கோடு ஏறவே இல்லையாம்."
"அப்போ அவர் ஏன் யார்கிட்டயும் சொல்லல, அண்ணி?"
"நீயே வந்து சொல்லுவேன்னு இருந்தாரு. வாசல்ல வண்டிச் சத்தம் கேட்டா எட்டிப் பார்ப்பாரு."

மார்ச் 15
இரண்டு வருடம்! எத்தனை வண்டி போயிருக்கும் அந்தத் தெருவில்.

மார்ச் 20
மாதக் கடைசிவரைதான் எனக்கு இங்கே வேலை. குழாயைச் சூடேற்றினேன். கோடு ஏறி முடியும்வரை பக்கத்திலேயே நின்றேன். பிறகுதான் டிக். அளக்கும்போது குரல் கூடவே எண்ணியது. பத்தொன்பதில் நின்றது.
இருபதை நான் சொன்னேன். ஐம்பத்தைந்து வரை நானே எண்ணினேன்.