தேன்மொழி தோற்கடித்த சோதனை

செவ்வாய் இரவு, புக்கிட் செந்தோசா

நிரல்களை ஓட்டும் எங்கள் ரன்டைம் மென்பொருளில், ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு வேலைகள், அதாவது த்ரெட்கள், ஒரே நினைவகத்தைப் பகிரும்போது மோதிக்கொள்கின்றனவா என்று பார்க்க நான் எழுதிய சோதனை, ஒரு வாரமாகத் தேறியதாகப் பச்சைதான் காட்டியது. புதிய பதிப்பை நாளை வெளியிடுவதாக இருந்தோம். குழுவுக்குப் புதிதாக வந்த தேன்மொழி இன்று காலை அசாம் ஜாவாவில் இருக்கும் தன் வீட்டிலிருந்து அழைத்தாள்.

“அண்ணே, உங்க டெஸ்ட்ல ஒரு த்ரெட்டு எழுதுனத இன்னொன்னுல படிச்சுப் பாத்தேன். பழைய நம்பர்தான் இருக்கு லா.”

உண்மைதான். என் சோதனையில் இரண்டும் நினைவகத்தைப் பகிரவே இல்லை, ஆளுக்கொரு நகல். அப்புறம் எப்படி மோதும்? இரண்டும் உண்மையிலேயே பகிரும்படி அவள் சோதனையைத் திருத்தி ஓட்டினாள். உடனே தோற்றது. பிழை ரன்டைமிலேயே இருக்கிறது.

மேலாளரிடமும் அவளே பேசினாள். “நாளைக்கு விட்டா கஸ்டமர் டேட்டா கெட்டுரும் சார்.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே வெளியீட்டைத் தள்ளிவைத்தார். நானாக இருந்தால் வாயைத் திறந்திருப்பேனா, தெரியவில்லை. பிழை ரன்டைமில் எங்கே என்று இன்னும் பிடிபடவில்லை. நாளை அவளோடு உட்கார்ந்து தேட வேண்டும். வேலைக்குப் போக இவ்வளவு ஆசையாக இருந்து வெகுநாளாயிற்று.