யூலியனை ஓல்னேக்கு விடுங்கள்

அனுப்புபவர்:
செபஸ்தியாம்பிள்ளை யேசுரட்ணம்,
அங்கத்தவர் இல. 41, வைகறை விளையாட்டுக் கழகம்,
லா சப்பல், பாரிஸ் 18.

பெறுபவர்:
திரு. வாமதேவன் அவர்கள்,
செயலாளர், வீரர் மாற்றக் குழு,
பிரான்சு தமிழர் பேஸ்போல் சம்மேளனம், பாரிஸ்.

விடயம்: காலஞ்சென்ற வீரர் யே. யூலியனை ஓல்னே கழகத்துக்கு மாற்றுவதற்கு எதிராக 10.03.2024 அன்று நான் கொடுத்த ஆட்சேபனையை மீளப்பெறுதலும், அவரை அங்கே விடுவிக்கக் கோருதலும்.

மதிப்பிற்குரிய செயலாளர் ஐயா,

1. கடந்த 18ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை, ஆட்டம் நடந்துகொண்டிருக்கையில் நான் மைதானத்துக்குள் நுழைந்து பதினொரு நிமிடம் தடைப்படுத்தினேன் என்ற தங்கள் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். துடுப்பை எடுத்துக்கொண்டு போய் அடிக்கும் இடத்தில் நின்றதும் உண்மை. எங்கள் அணித்தலைவர் பிரின்ஸ்டன் ஓடிவந்து, "அங்கிள், வாங்கோ, போவம்" என்று கையைப் பிடிக்கும்வரை நான் அசையவில்லை என்பதும் உண்மை. ஆனால் கடிதத்தில் 'காரணமின்றி' என்று ஒரு சொல் இருக்கிறது. அதை ஏற்க முடியாது. ஒலிபெருக்கியில் பெயர் கூப்பிட்டார்கள். அது என் பெயர். போனேன்.

2. இந்த நாட்டில் நம்மவர் பலருக்கு நேர்ந்ததுதான் எனக்கும் நேர்ந்தது. பதிவில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிவிட, என் மகன் யூலியன் பள்ளிக்கூடத்திலும் வேலையிலும் தங்கள் சம்மேளனத்திலும் யேசுரட்ணம் ஆனான். விளையாட்டுச் சட்டையின் முதுகிலும் அதுவே. ஊரில் எல்லேப் பந்து அடித்த கையோடு இங்கே வந்து பேஸ்போல் பழகிய முதல் ஆட்களில் நான் ஒருவன். ஆனால் பெரிதாக ஆடிக் கிழித்தவன் அல்ல. அவன் ஆடிய பதினொரு வருடமும், அவன் துடுப்போடு வரும்போதெல்லாம் என் பெயரைக் கூப்பிட்டார்கள். எனக்கு அதில் இருந்த பெருமையை மறைக்க விரும்பவில்லை.

3. 16.05.2024 வியாழக்கிழமை அவன் இறந்தது தங்களுக்குத் தெரியும், மலர்வளையத்தோடு வந்திருந்தீர்கள். அந்தப் பருவம் கழகம் மேற்கொண்டு ஆடவில்லை. இந்த வருடம் ஆட்டங்கள் தொடங்கியபோது, யூலியனின் இடத்தில் வேறொருவரை இறக்குவதில்லை என்று பிரின்ஸ்டனும் மற்றவர்களும் கூடி முடிவெடுத்தார்கள். துடுப்பு வரிசையில் ஒன்பதாவதாக இன்னும் அவனுடைய பெயரையே எழுதுகிறார்கள். களத்தில் எட்டுப் பேர் நிற்கிறார்கள். அன்பினால்தான் செய்கிறார்கள். முதல் ஞாயிறு நானும் அழுது, ஒவ்வொருவர் கையையும் பிடித்து நன்றி சொன்னேன்.

4. வரிசையில் பெயர் உள்ளவர் தன் முறைக்கு வராவிட்டால் அவர் ஆட்டமிழந்தவராகக் கொள்ளப்படுவார் என்பது சம்மேளன விதி. ஆகவே, "அடுத்து, யேசுரட்ணம்" என்று அறிவிக்கிறார்கள். ஒருவரும் வருவதில்லை. நடுவர் சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கையை உயர்த்தி "அவுட்" என்கிறார். ஓர் ஆட்டத்தில் மூன்று முறை. இதுவரை ஆறு ஆட்டம். இறந்துபோன என் மகன் இந்தப் பருவத்தில் பதினெட்டுத் தடவை ஆட்டமிழந்திருக்கிறான். உயிரோடு இருந்த காலத்தில் துடுப்பாட்டப் பட்டியலில் முதல் ஐந்து பேருக்குள் நின்றவன், இன்று தங்கள் இணையத்தளத்தில் ஆகக் கடைசியில், பூச்சியத்தோடு நிற்கிறான்.

மூன்றாவது ஞாயிறு என் மனைவி மரியமலர், "என்ரை பிள்ளையை இன்னும் எத்தினை தரம் அவுட் ஆக்கப்போறியள்?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டுவிட்டு எழுந்து போனவள், பிறகு மைதானப் பக்கம் வரவில்லை. நான் போகிறேன். போகாவிட்டால், கூப்பிடும்போது அவனுக்கென்று அங்கே ஒருவரும் இல்லாமற் போய்விடும். அவன் நின்ற இடது புறவெளிக்குப் பந்து போனால், அது உருண்டு தானாக நிற்கும்வரை யாரும் கிட்டப் போவதில்லை. சில வேளை பந்து வீசுமுன் அங்கே பார்ப்பேன். முழங்காலில் கைகளை ஊன்றிக் குனிந்தபடி, வழக்கம்போல அவன் நிற்பது தெரியும். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா.

5. வீரர் மாற்றம் பற்றி நான் எழுதுவது இது முதல் தடவை அல்ல. ஓயாமல் மனு எழுதுவதால் லா சப்பல் கடைகளில் என்னைப் 'பெட்டிசம் அண்ணை' என்று பகிடி பண்ணுவது தங்கள் காதுக்கும் எட்டியிருக்கும். 2017இல் இடதுகைக்காரர் உதயனைக் கொடுத்துவிட்டு, ஓடத் தெரியாத இரண்டு பேரை வாங்கியபோது எழுதினேன். 2019இல், கடை முதலாளி ஒருவரின் மருமகன் என்ற ஒரே தகுதிக்காக நாற்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவரைச் சேர்த்தபோது எழுதினேன். அவர் இரண்டாவது ஆட்டத்திலேயே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டிலும் நான் சொன்னதே நடந்தது. அதனால் எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது.

6. 2024 மார்ச்சில் ஓல்னே கழகம் யூலியனைக் கேட்பதாகவும், பதிலுக்குப் பந்துவீச்சாளர் கஜனைத் தரப்போவதாகவும் அறிந்தேன். என் பிள்ளையைப் பழைய சாமானைப் போலத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்று கொதித்துப்போனேன். கஜனிடம் நேர்ப்பந்தை விட்டால் வேறு சரக்கில்லை, இது மூளையுள்ளவன் செய்கிற மாற்றம் அல்ல என்று மூன்று பக்கம் எழுதினேன். 'தகப்பனாக அல்ல, இருபது வருட இரசிகனாக எழுதுகிறேன்' என்று தொடங்கியது அந்த மனு. கடை கடையாக ஏறி முப்பத்திரண்டு பேரிடம் கையெழுத்தும் வாங்கினேன். தங்கள் குழு என் பக்கம் தீர்ப்பளித்தது.

யூலியன் அந்தக் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்தான். என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே வந்ததும் "சே பா கிராவ், பப்பா" என்றான். பரவாயில்லை அப்பா என்று அர்த்தம். என்ன பரவாயில்லை என்று நான் கேட்கவில்லை. வென்ற சந்தோசத்தில் அவனைக் கூட்டிக்கொண்டு போய் ரோல்ஸும் தேநீரும் வாங்கிக் கொடுத்தேன்.

7. எச்சரிக்கைக் கடிதத்துக்குப் பதில் எழுதுவதற்காக, இந்த வாரம் தங்கள் அலுவலகத்தில் பழைய கோப்பின் பிரதியைப் பெற்றேன். அதில் என் மனுவுக்கு அடியில், யூலியன் கைப்படப் பிரெஞ்சில் எழுதிய ஒரு பக்கக் கடிதம் இருந்தது. எனக்குப் பிரெஞ்சு வாசிக்க வராது. யூலியனின் மனைவி துஷ்யந்தி வாசித்துச் சொன்னாள். மாற்றத்தைக் கேட்டது ஓல்னே கழகம் அல்ல, அவனே. திருமணமாகி ஓல்னேயில் குடியிருப்பதாகவும், அங்குள்ள மைதானம் வீட்டிலிருந்து ஏழு நிமிட நடை என்றும், பயிற்சி முடிந்து மகள் நித்திரையாகுமுன் வீட்டுக்குப் போக விரும்புவதாகவும் எழுதியிருந்தான்.

"மாமா, உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நான் நினைச்சன்" என்றாள் துஷ்யந்தி. ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

8. வியாழக்கிழமைப் பயிற்சிக்கு வராதவனை ஞாயிறு இறக்கக் கூடாது என்று கழகக் கூட்டங்களில் சத்தம் போடுபவன் நான். அவன் இறந்த அந்த வியாழன் மழை. அவன் ஓல்னேயிலிருந்து மோட்டார் சைக்கிளில் எங்கள் பயிற்சிக்குத்தான் வந்துகொண்டிருந்தான். நான் மனுக் கொடுக்காதிருந்தால் அந்த நேரம் அவன் அந்தத் தெருவில் இருந்திருக்கமாட்டான். இதை நான் இன்னும் மரியமலருக்குச் சொல்லவில்லை. தங்களுக்கு எழுத்தில் தருகிறேன்.

9. ஆகவே தங்களிடம் தயவாக வேண்டுவது:

என் ஆட்சேபனையை நீக்கி, யூலியன் விண்ணப்பித்த 02.03.2024ஆம் திகதியிலிருந்தே அவனை ஓல்னே கழகத்து வீரனாகப் பதிய வேண்டும். எங்கள் துடுப்பு வரிசையிலிருந்து அவன் பெயரை எடுக்கவும், அந்தப் பதினெட்டு ஆட்டமிழப்புகளையும் பட்டியலிலிருந்து அழிக்கவும் கட்டளையிட வேண்டும். பிரின்ஸ்டனிடம் இதை நான் சொன்னால் என்னைச் சமாதானப்படுத்தவே பார்ப்பார். தாங்கள் சொன்னால் கேட்பார்.

பதிலாகக் கஜனை எங்களுக்குத் தர வேண்டும். அவருடைய பந்துவீச்சைப் பற்றிய என் அபிப்பிராயத்தில் மாற்றமில்லை. ஆனாலும் கூப்பிட்டால் வருவார்.

இறந்தவரை ஒரு கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற விதியில் இடமில்லை என்று தாங்கள் சொல்லக்கூடும். இறந்தவரை ஆட்டமிழக்கச் செய்ய மட்டும் விதியில் இடமிருக்கிறது. ஓல்னேக்காரர் அவனை வரிசையில் எழுதமாட்டார்கள், அவர்களிடம் கேட்டுவிட்டேன். அங்கே யாரும் அவனைக் கூப்பிடமாட்டார்கள். அவன் வீட்டோடு இருக்கட்டும்.

மாற்றக் காலம் 31ஆம் திகதி முடிகிறது. புதிதாகப் படிவம் எதுவும் நிரப்பத் தேவையில்லை. பழைய விண்ணப்பத்தில் இரண்டு கழகங்களின் ஒப்பமும் அன்றே இடப்பட்டிருக்கிறது. அவற்றின் கீழே யூலியனின் ஒப்பமும் இருக்கிறது. தடையாக நின்றது என் ஆட்சேபனை ஒன்றுதான். அதை மீளப்பெற்று, இதில் ஒப்பமிடுகிறேன்.

இடம்: லா சப்பல், பாரிஸ்
திகதி: 24.05.2025

(ஒப்பம்)
செ. யேசுரட்ணம்
வீரரின் தகப்பன்